அத்தாவுக்கு ஓர் அட்டை

அஃப்ரித்துக்கு ஐந்து வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேனை நாக்கில் தடவு என்றார்கள், ஓதின தண்ணீரைக் கொடு என்றார்கள். நான் செல்போனே கதியென்று கிடந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று என் நாத்தனார் சூஃபியா கண்டுபிடித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராமநாதபுரத்தில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன பிறகு நான் எல்லோரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் பாம்பனிலிருந்து பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் இருக்கும் சிறப்பு ஆசிரியை கனகலட்சுமியிடம் அவனைக் கூட்டிப் போவேன். அட்டைப் பழக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து அவன் என் கையில் வைக்க வேண்டும். வைத்த உடனே நான் தண்ணீர் தர வேண்டும்.

“கேட்டா கெடைக்கும்னு அவன் நம்பணும்மா. பேச்சுக்கு அதுதான் அஸ்திவாரம். அட்டை கைக்கு வந்துட்டா குடுக்காம மட்டும் இருந்துராதீக,” என்றார்.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அட்டையைக் கடிப்பான், வீசுவான். ஒரு மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது டம்ளர் அட்டையைக் கொண்டுவந்து என் ஈரக்கையில் வைத்தான். செதில் ஒட்டிய கையோடு ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நின்று அழுதேன். பெற்றவளிடம் பிள்ளை முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறான், அழாமல் என்ன செய்வது.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் வீட்டுக்காரர் நவ்ஷாத் அப்புறம் லீவில் வந்தார். அட்டைகளைப் பார்த்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“தண்ணிக்கு இருக்கு, பிஸ்கட்டுக்கு இருக்கு, ஊஞ்சலுக்கு இருக்கு. பெத்த அத்தாவுக்கு ஒண்ணு இல்லையா?”

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து, மற்ற அட்டைகளோடு ஒட்டிவைத்தார். திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி முறைக்கும் முகம். “இதப் பாத்தா புள்ள பயந்துருவான் மச்சான்,” என்று சிரித்தேன்.

பயப்படவில்லை. அட்டையைக் கொடுத்தால் அத்தா வந்து தோளில் தூக்கிச் சுற்றுவார். கடைத்தெருவுக்குப் போயிருந்தாலும் நான் போன் போட்டால் போதும், பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவருவார். எல்லா அட்டையிலும் அதுதான் சீக்கிரம் அழுக்கானது.

லீவு முடிந்தது. பெட்டி கட்டும் அவசரத்தில் அந்த அட்டை அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை அஃப்ரித் அதை என் கையில் வைத்தான்.

வீடியோ கால் போட்டேன். “ஏலே அஃப்ரித்து, அத்தா இங்கன இருக்கேன் பாரு,” என்று அவர் சிரித்தார். பிள்ளை போனைப் பார்த்தான். திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். பிறகு அட்டையை மறுபடி என் கையில் வைத்து, என் விரல்களை அவனே மடக்கி மூடினான். நான் தூக்கிச் சுற்றினேன். பிஸ்கட் கொடுத்தேன். அத்தா வேலைக்குப் போயிருக்கிறார், அடுத்த லீவுக்கு வருவார் என்று சொன்னேன். துபாய்க்கு எந்தப் படத்தைக் காட்டுவது, அடுத்த லீவுக்கு எதைக் காட்டுவது? பொழுது சாயும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தன் கையைக் கடித்துக்கொண்டு அலறினான்.

அதற்குப் பிறகுதான் அத்தா அட்டையை ஒளித்தேன். வெள்ளம் வந்தபின் அணை போட்டு என்ன பிரயோசனம்? அன்றிலிருந்து அவன் எந்த அட்டையையும் தொடவில்லை. டம்ளர் அட்டையை நானே அவன் கையில் திணித்தால் விரல்களை விரித்துவிடுவான், அது கீழே விழும். வெயிலில் உதடு வெடித்து உட்கார்ந்திருப்பான். நானாக நினைத்துக் கொடுத்தால் மடமடவென்று குடிப்பான். கனகலட்சுமி என்னைத் திட்டவில்லை. “முதல்லருந்து ஆரம்பிப்போம்,” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவ்ஷாத்திடம் முதலில் எதையும் நான் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை பேசும்போது மனிதர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். வாய் பேசாத மகன் அட்டை கொடுத்துத் தன்னைக் கேட்கிறான் என்று ரூமில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

“இன்னும் என்னயக் கேக்குறானா?” என்றார். ஆசையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“இல்ல மச்சான்,” என்றேன். “இப்ப தண்ணியக்கூட கேக்குறதில்ல.”