பத்துக்கு ஏழு

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து வருஷமாகியும், ஆண்டு தவறாமல் அங்கிருந்து போன் வந்துவிடும். தையல்காரி மிஷினை நிறுத்தாமலே போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, மனசு எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை போடலாம்?" என்றாள் நர்ஸ்.

"ஏழு."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வார்டில் பக்கத்துக் கட்டில்காரி முதல் நாளே காதைக் கடித்திருந்தாள்: "நாலுன்னா மாத்திரையக் கூட்டுவாங்க. ஒன்பதுன்னா ரொம்பத் துள்ளுறான்னு எழுதிக்குவாங்க. ஏழுன்னு சொல்லு, விட்டுடுவாங்க."

அன்று முதல் யார் கேட்டாலும் ஏழுதான். உண்மையில் எத்தனை என்று ஒருமுறை உள்ளே தேடியும் பார்த்தாள். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்ததுபோல் இருந்தது.

நர்ஸின் குரலில் சிரிப்பு வழிந்தது. "உங்ககூட வார்டுல இருந்த முப்பது பேரும் வருஷா வருஷம் ஏழுதான்க்கா சொல்றீங்க! சிகிச்சை எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிச்சிருக்குன்னு பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியல."

பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. மிஷின் தானாக நின்றிருந்தது.

"ரொம்ப நல்லதும்மா," என்றாள் தையல்காரி.