மூன்று தட்டு, இரண்டு தட்டு

சுனிதா மேடம் காகிதச் சுருளை மேசைமேல் விரித்து, முனை சுருண்டுகொள்ளாமல் இருக்க டீ டம்ளரை அதன்மேல் வைத்தாள். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் இறங்கி ஏறினவர், பாறையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா என்று தசரதனைக் கூப்பிட்டிருந்தாள். ஊதா மையில் ஒரு கோடு நேராக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் மூன்று பல், கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு பல். தசரதன் குனிந்து பார்த்தார். ஊரார் கையெழுத்தை வேண்டுமானால் தப்பாகப் படிக்கலாம், தன் கையெழுத்தையே ஒருவன் தப்பாகப் படிப்பானா?

இத்தனை நாள் காகிதம் மெதுவாக ஓடியதில் இது வெறும் மைக்கறை போலத்தான் இருந்ததாம். முந்தாநாள் வேகமாக ஓடவிட்டதும் இப்படிப் பிரிந்து தெரிகிறதாம். பாறை தாளம் போடுமா என்று அவள் கேட்டாள். தெரியலையே மேடம் என்று சொல்லிவிட்டு, தசரதன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்; வாசற்படியில் கால் இடறியது.

விஷயம் இதுதான். மைசூர் மைன்ஸ் ஷாஃப்டில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், தங்கம் தீர்ந்துபோன ஒரு லெவலில், பம்பாயிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஓர் அறை கேட்டு வாங்கியிருந்தார்கள். அணுவிலிருந்து மின்சாரம் எடுத்தபின் மிஞ்சும் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் குடத்தில் ஊற்றி, பூமிக்கடியில் புதைத்துவிடலாமாம். புதைத்தபிறகும் குடம் வருஷக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்குமாம். அந்தச் சூட்டைப் பாறை தாங்குமா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடும். கழிவு ஒரு சிட்டிகைகூட இங்கே வரவில்லை. குடத்துக்குப் பதிலாக மின்சார ஹீட்டரைத் துளையில் இறக்கி, ஏழு மாதமாகப் பாறையைச் சூடாக்கிவந்தார்கள். பாறையின் அசைவு கம்பி வழியாக ஏறிவந்து, மேலே ஆபீசில் பேனா முள்ளை ஆட்டும்.

பெண்கள் சுரங்கத்தில் இறங்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் பம்பாய்க் குழுவில் ஒருத்தியான சுனிதா தன் ஆராய்ச்சி அறையை ஒரு நாளும் பார்த்ததில்லை. தசரதன்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, சூட்டை அளந்து போனில் சொல்வார். அவள் அளவோடு விடமாட்டாள். பாறை என்ன நிறம், கை வைத்தால் ஈரமா, என்ன வாசனை என்று நோண்டுவாள். மழைக்கு முந்தின செங்கல் சூளை வாசனை என்று ஒருநாள் அவர் சொன்னபோது, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஹீட்டர் போட்டதிலிருந்து காகிதத்தில் அந்தக் கறைகள் கூடிக்கொண்டே போயின. இந்த ஊர்ப் பாறை வெடிக்கிற ஜாதி என்பது பம்பாய்வரை தெரிந்த சங்கதி. அது உள்ளே வெடித்தால் மேலே சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் அடுக்கி வைத்த பாத்திரம் உருளும். சூட்டில் பாறை விரிசல் விடுகிறது, இந்த இடம் வேண்டாம் என்று பம்பாயில் பெரியவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து மூட்டை கட்டச் சொல்லப்போகிறார்கள்.

ஆனால் தட்டியது பாறை இல்லை, தசரதனின் கடப்பாரை. எந்த இடத்தில் கால் வைத்தாலும் முதலில் பாறையைத் தட்டிக் கேட்பது அவர் வழக்கம். கிண்ணென்றால் கெட்டி, பொத்தென்றால் உள்ளே பொள்ளல். மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி இரண்டு தட்டு. சுவரைத் தொட்டால் வேலை இல்லை என்று அறை வாசலில் நோட்டீஸ் தொங்கியது. அவரும் படித்துக் கையெழுத்துப் போட்டவர்தான். செருப்பை வாசலில் கழற்றுகிறவன் யோசித்துக்கொண்டா கழற்றுகிறான்?

அன்று சாயங்காலம் அவர் மனைவி ரத்தினம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஆராய்ச்சி வந்த நாளிலிருந்து, அடுப்பு வெச்சவன் உலை வெக்காம போவானா என்று லைன் பூராவும் சொல்லிவந்தவள். இன்றைக்கு ஹீட்டர் வந்தது, நாளைக்கு விஷம் வரும் என்பது அவள் கட்சி. லைனில் யாரும் அதை மறுக்கவில்லை. தசரதன் சொன்னதைக் கேட்டதும் முறத்தை இறக்கி வைத்தாள்.

"மாரியாத்தாதான் உங்க கையில வந்து தட்டிகிறா. வாய மூடிகினு இருங்க. வெள்ளிக்கெழம அவங்க போயிடட்டும்."

"பாறை மேல பழி வுழுதே, ரத்னா."

"வேலுவ அடிச்ச பாறை. அதுக்கா வக்காலத்து?"

வேலு அவருடைய தம்பி. பதினாறு வருஷத்துக்கு முன்னால், அவசர ஷிஃப்டில், யாரும் தட்டிப் பார்க்காமல் உள்ளே அனுப்பப்பட்டு, பாறை விழுந்து செத்தவன். தசரதன் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அது சொல்லிட்டுத்தான் அடிச்சிது. கேக்கத்தான் ஆளில்ல."

ரத்தினம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை டிபன் கேரியரைக் கொடுத்தபோதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அது வலித்தது. சொன்னால் வேலை போகும், அதோடு இவள் பயந்த விஷமும் காலடியிலேயே வந்து சேரும். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, பாறைக்கு மட்டும் கெட்ட பெயர். ஆபீஸ் வாசல்வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நடந்தார்.

"அது பாறை இல்ல மேடம்," என்றார், நின்றபடியே. "நான்தான்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுனிதா நாற்காலியில் சாய்ந்தாள். நோட்டீஸைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ பழைய சுருள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்தாள்.

"ஆரம்பத்துல நாளைக்கு ஒரு தடவதான் இருக்கு. இப்ப அஞ்சாறு தடவ. ஏன் ஜாஸ்தியாச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. தட்டியது தாம் என்று சொல்லியாயிற்று. காகிதத்தில் இனிப் பாறை சுத்தம். இதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்குச் சந்தோஷம், பம்பாய்க்கும் சந்தோஷம்.

"சத்தம் மாறிச்சு மேடம். துளைக்கு இடது பக்கம், முட்டி உயரத்துல. மொதல்ல கிண்ணுனுதான் இருந்திச்சு. தீவாளிக்கு அப்புறம் பொத்துனுது. நெஜமான்னு பாக்கத்தான் தெனமும் தட்டினேன்."

"அங்க கருவியே வைக்கலையே," என்றாள் மெதுவாக. பேனாவை எடுத்தாள். அளவு எழுதும் தாளில் சூட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, அசைவுக்கு ஒரு கட்டம் இருந்தது, சத்தத்துக்கு இல்லை. பேனாவை மூடி வைத்தாள். "இறங்குங்க. போய் எனக்குப் போன் பண்ணுங்க."

கேஜ் இறங்கியது. அறையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. போன் பெட்டியை, ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து வந்து, தசரதன் ரிசீவரைப் பாறையோடு சேர்த்துப் பிடித்தார். முதலில் வலது பக்கம் தட்டினார். கிண். பிறகு இடது பக்கம், முட்டி உயரத்தில். பொத்.

ரிசீவரைக் காதில் வைத்தார். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அவள் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"தசரதண்ணா," என்றாள். "இடது பக்கம், இன்னொரு தடவ."

சுவரைத் தொடாதே என்கிற நோட்டீஸுக்குக் கீழே மண்டியிட்டு, அவர் ரிசீவரைச் சூடான பாறையில் வைத்து அழுத்தி, கடப்பாரையை ஓங்கினார்.