பீரோ வெளியே வராத நாடகம்

நல்ல நாடகம் ஒன்றைப் படித்து முடித்தால் வாசிப்புக்காரியின் வீட்டுத் தெருப்பக்கச் சுவர் காணாமல் போய்விடும். இடிந்து விழுவதில்லை, செங்கல்லோ தூசியோ மிஞ்சுவதில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே தெரு இருக்கும், தெருவில் போகிறவர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த நாடகம் மேடையேறி முதல் நாள் காட்சி முடிகிற வரைக்கும் சுவர் திரும்பாது. முடிந்ததும் பழைய சுண்ணாம்பும் பழைய ஆணி ஓட்டைகளுமாக, வெளியூர் போய் வந்த ஆள்போலத் தன் இடத்தில் நின்றுகொள்ளும். முதல் தடவை நடந்தபோது கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர் தரையைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், இது எதன்மேல் நிற்கிறது என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் நன்றாகத்தான் நிற்கிறது என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஊர் நாடக அரங்கத்துக்குத் தபாலில் வந்து குவியும் புது நாடகங்களைப் படித்து, எது வாசிக்கத் தக்கது, எது மேடையேற்றத் தக்கது என்று பரிந்துரை எழுதுவது அவளுடைய வேலை. ஆரம்ப வருடங்களில் பக்கம் பக்கமாக எழுதினாள். இரண்டாம் அங்கம் எங்கே தொய்கிறது, எந்த வசனத்தை நடிகை வாயில் போட்டு மென்று சொல்ல வேண்டும், எந்தக் கதாபாத்திரம் வராமலே இருந்திருந்தால் நாடகம் பிழைத்திருக்கும் என்றெல்லாம் எழுதினாள். சுவர் விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு அரங்கத்து மேலாளர் அதையெல்லாம் படிப்பதை விட்டுவிட்டார். மாதம் ஒரு முறை ஸ்கூட்டரில் அந்தத் தெரு வழியாக மெல்லப் போவார், சுவர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பார், திரும்பிவிடுவார். "எதுக்கு மேடம் இவ்வளவு சிரமப்பட்டு எழுதுறீங்க? சுவர் போச்சா இல்லையா, அத மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்று பரிவோடுதான் சொன்னார். அவள் தொடர்ந்து எழுதினாள். அந்தக் காகிதங்கள் மேலாளர் மேஜையில் காபி டம்ளருக்கு அடியில் வட்டம் வாங்கிக் கிடந்தன. அரங்கம் தோற்றதே இல்லை என்று பேர் வாங்கியது. பேரெல்லாம் சுவருக்கே போனது.

வீட்டில் மூன்று பேர். கணவர் பல் செட் செய்கிறவர். பின்கட்டு அறையில் ஊர்க் கிழடுகளின் சிரிப்பையெல்லாம் வரிசையாகக் காயவைத்து அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். முன்னறையில் அவருடைய அக்கா. எந்தக் காலத்திலோ புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு கிளம்பி வந்து, "கொஞ்ச நாள் இருக்கேன்" என்று சொன்னவருக்கு அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. காணாமல் போகிற சுவர் அவருடைய அறையின் சுவர். முதல் தடவை கத்திக் கூப்பாடு போட்டு, படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டி, இந்த வேலையை விட்டுத் தொலைக்கச் சொன்னார். இரண்டாவது தடவை விரிப்பைக் கட்டவில்லை. மூன்றாவதற்குள் காலையிலேயே தலைவாரி, பளிச்சென்று உடுத்திக்கொண்டு, தெருவைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். போகிறவர் வருகிறவர் நடையில், குடையில், பிள்ளை வளர்ப்பில் அவருக்கு ஒரு குறை தென்பட்டது. தம்பி மனைவியோடு மட்டும் பேச்சு "சாப்டாச்சா", "ஆச்சு அண்ணி" என்ற அளவில் வருடக்கணக்காக நின்றுபோயிருந்தது. இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம் வரவில்லை, அவ்வளவே.

அந்த வருடம் மழைக்குச் சற்று முன் இரண்டு நாடகங்கள் வந்தன. ஒன்று பேர்பெற்ற ஒருவர் எழுதியது, பாலம் கட்டுகிறவர்களைப் பற்றியது. வாசிப்புக்காரி அதைப் படித்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தால் சுவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. நெருங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. இன்னொரு முறை படித்து இன்னொரு முறை அழுதாள். சுவர் அசையவில்லை.

மற்றது எழுதியவர் பேரோ விலாசமோ இல்லாமல் வந்தது. அதில் ஒரு அக்கா, இரண்டு தம்பிகள். வீட்டைக் காலி செய்கிறார்கள். பெரிய பீரோ ஒன்று வாசல் வழியாக வெளியே போக மறுக்கிறது. சாய்த்துப் பார்க்கிறார்கள், திருப்பிப் பார்க்கிறார்கள். அது உள்ளே எப்படி வந்தது என்று மூன்று பேருக்கும் நினைவில்லை. கடைசியில் பீரோ இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முடிந்தது. இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேண்டாத பிரதிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டு, பாலை அடுப்பில் வைக்கப் போனாள். திரும்பி வரும்போது ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அண்ணி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த நாடகத்துக்குப் போச்சு?" என்று கணவர் கேட்டார்.

"அதாங்க தெரியல" என்றாள். அவள் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் முறை.

பாலத்துக்குத்தான் சுவர் கொஞ்சம் தாமதமாகப் போயிருக்கிறது என்று அவள் நம்பினாள். சுவருக்கும் வயதாகிறதல்லவா? மேலாளரும் பேர்பெற்றவரின் நாடகம் என்பதால் மகிழ்ச்சியோடு ஒத்திகையைத் தொடங்கினார். நாடகம் அமோகமாக ஓடியது. மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்னறை அப்படியே திறந்து கிடந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டுவிட்டது. சாரல் கட்டில் வரைக்கும் வந்தது. வாசிப்புக்காரி அந்தப் பீரோவை எடுத்து மறுபடி படித்தாள். சமைத்துக்கொண்டே படித்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள், பின்னாலிருந்து முன்னால் படித்தாள். ஒன்றும் விளங்கவில்லை. சுவர் சொல்வதும் தன் மனசு சொல்வதும் வேறாக இருந்தால் எதை நம்புவது? இத்தனை வருடமும் நல்ல நாடகம் எதுவென்று சொன்னது தானா, இல்லை சுவர் சொன்னதற்குத் தான் காரணம் எழுதிக்கொண்டிருந்தோமா?

மேலாளருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "அப்ப பீரோவையே போட்டுருவோம். ஆனா பேர் இல்லாத நாடகம், கமிட்டிக்காரங்க கேள்வி கேப்பாங்க. ஏன் நல்லாருக்குன்னு நீங்க எழுத்துல குடுத்துடுங்க" என்றார். வருடக்கணக்கில் யாரும் கேட்காமல் எழுதியவளிடம் கடைசியாக ஒருவர் கேட்டபோது அவளுக்கு எழுத வரவில்லை. எழுத உட்காருவாள். "இந்த நாடகம்" என்று தொடங்குவாள். பேனாவை மூடிவிடுவாள்.

அண்ணிக்கு இருமல் கண்டது. பிறகு காய்ச்சல். டாக்டர் வந்து மார்பில் குழலை வைத்துப் பார்த்து, சளி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது, உள்ளறைக்கு மாற்றுங்கள் என்றார். அண்ணி மாட்டேன் என்றார். "கொஞ்ச நாள் இருக்கேன்னு வந்தவ நான். இந்த ஒரு ரூம்தான் எனக்குன்னு இருக்கு. இதையும் விட்டு எந்திரிச்சா அப்புறம் எங்க போறது?" தார்ப்பாய் கட்டினார்கள், காற்று அதைப் பிய்த்து எதிர் வீட்டு டாக்சிமேல் போட்டது. ஒரு மாலை கணவர் கையில் பாதி ராவிய பல் செட்டோடு பின்கட்டிலிருந்து வந்து நின்றார்.

"நல்லாருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா நாடகத்தப் போடுவாங்க, சுவர் வரும். அக்கா இருமுறது உன் காதுல விழலையா?"

"விழுதுங்க."

"அப்புறம் என்ன?"

"புரியாததப் புரிஞ்ச மாதிரி எப்படிங்க எழுதுறது? இதுவரைக்கும் ஒரு தடவகூட அப்படி எழுதினதில்ல."

"யாரு படிச்சாங்க அத?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கையிலிருந்த பல் வரிசை அவருக்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் பிரதியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அண்ணி விழித்திருந்தார். "அப்படி என்னதான்மா இருக்கு அதுல? படி, கேப்போம்" என்றார். அவர் அவளிடம் எதையும் படிக்கச் சொன்னது அதற்கு முன் கிடையாது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படித்தாள். எதிர் வீட்டு டாக்சி டிரைவர் தார்ப்பாயைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் அப்படியே நின்றார். அலுவலகம் விட்டு வந்தவர்கள் குடையோடு நின்றார்கள். படித்து முடித்தபோது யாரும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

"கதவக் கழட்டிப் பாக்க வேண்டியதுதானே?" என்றார் டிரைவர்.

"நிலைதான் இடிக்குதுங்கிறாங்கள்ல, கதவக் கழட்டி என்ன பண்றது?" என்றது ஒரு குடை.

"பீரோவோட தலைய முதல்ல விடணும். இவங்க காலப் புடிச்சுத் தள்ளுறாங்க."

சண்டை வலுத்தது. அண்ணி அதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவர் கண் ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"புடிச்சிருக்கா அண்ணி?"

"புடிச்சிருக்குன்னு யாரு சொன்னா?"

"அப்ப ஏன் அழறீங்க?"

"தெரியலயே" என்று எரிச்சலோடு சொன்னார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ படி" என்றார்.

மறுநாள் காலை டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அந்த பீரோ கடைசில வெளிய வந்துச்சாம்மா?" என்று கேட்டார். வரவில்லை என்றாள். "நல்லாப் பாத்தீங்களா?" என்றார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் கையால் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அன்று அரங்கத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பரிந்துரையை எழுதி முடித்தாள். அது ஒரு பக்கம்கூட வரவில்லை. "இந்த நாடகம் எனக்குப் புரியவில்லை. ஏன் நல்லது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கேட்டவர்கள் இன்னொரு முறை கேட்கிறார்கள். நானும் இன்னொரு முறை படிக்கிறேன். மேடையில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஆகவே பரிந்துரைக்கிறேன்." கமிட்டி அதை மூன்று தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டது.

ஒத்திகையிலும் குழப்பம்தான். இயக்குநருக்கு எங்கே சிரிப்பு, எங்கே துக்கம் என்று தெரியவில்லை. நடிகர்கள் தினமும் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். தச்சர் செய்து கொண்டுவந்த பீரோ அரங்கத்தின் வாசலில் நுழையவில்லை. பலகை பலகையாகப் பிரித்து மேடைமேலேயே பூட்ட வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிறு மதியம் முதல் காட்சி. அண்ணி கம்பளியைச் சுற்றிக்கொண்டு, டிரைவரின் டாக்சியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். தெருவே வந்திருந்தது. நடிகர்கள் பீரோ முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்கள், கை கழுவினார்கள், போய்விட்டார்கள். முடிந்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, மெதுவாகப் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். வாசிப்புக்காரிக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.

தெருமுனையில் டாக்சி திரும்பியபோது டிரைவர் பிரேக்கை மிதித்தார். நாடகம் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப்பக்கச் சுவர் இல்லை. கட்டில்களும் சட்டி பானைகளும் உலர்த்திய துணிகளும் இரு பக்கமும் வரிசையாகத் தெரிந்தன. வாசிப்புக்காரியின் வீட்டில் மட்டும் சுவர் பழைய சுண்ணாம்போடு வந்து நின்றிருந்தது. டிரைவர் இறங்கித் தன் வீட்டைப் பார்த்தார். "கூரை நிக்குது" என்றார். உள்ளே போய் விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வாசிப்புக்காரி தெருவிலிருந்தே கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எங்கம்மா புரிஞ்சுது? அந்தச் சின்னத் தம்பி கடைசி வரைக்கும் ஒரு கையச் சட்டப் பையிலேருந்து எடுக்கவே இல்ல, பாத்தீங்களா? ஏன் எடுக்கல? அத நினைச்சா எனக்கு என்னமோ பண்ணுது."

அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பிரதியைப் புரட்டினாள். கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நடிகரைக் கேட்டபோது, தான் இரண்டு கையையும் வெளியேதான் வைத்திருந்ததாகச் சொன்னார்.

அந்தச் சுவர்கள் திரும்பி வரவில்லை. நாடகம் ஓட ஓட மற்றத் தெருக்களிலும் போயின. முதல் சில மாதம் மக்கள் திரைச்சீலை வாங்கினார்கள், பிறகு அலுத்து விட்டுவிட்டார்கள். பார்க்கக் கூடாத நேரத்தில் பார்க்காமல் நடக்க ஊர் பழகியது. அடுத்த வீட்டுக்குள் பேச வேண்டுமென்றால் முதலில் இருமிக் காட்டுவது நாகரிகமாயிற்று. அந்த வருடங்களில் பிறந்த குழந்தைகள் வீடு வரையச் சொன்னால் மூன்று சுவரோடு வரைந்தார்கள், ஆசிரியர்களும் சரி போட்டார்கள். அண்ணி உடம்பு தேறி எழுந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். டிரைவரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். அங்கிருந்து தெருவை மேற்பார்வை பார்த்துவிட்டு, சாப்பாட்டு வேளைக்குத் தன் அறைக்குத் திரும்பி, படிக்க என்ன வந்திருக்கிறது என்று கேட்பார். தம்பி மனைவி படிப்பாள். பாதியில் இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். பின்கட்டில் பல் செட்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வாசிப்புக்காரி எதைப் படித்தாலும் அவள் வீட்டுச் சுவர் அதன் பிறகு ஒருநாளும் போகவில்லை. மேலாளர் ஸ்கூட்டரில் நாலைந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவள் எழுதித் தருவதைப் படிக்கத் தொடங்கினார். பெரும்பாலானவை "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றுதான் ஆரம்பித்தன. சில நாடகங்கள் ஓடின, சில படுத்தன. தெருவில் கதவு என்று ஒன்று அந்த வீட்டுக்கு மட்டும் இருந்ததால், சாயங்காலங்களில் யாராவது வந்து அதைத் தட்டி, புதுசாக என்ன படிக்கலாம் என்று கேட்பார்கள். "ஒண்ணு வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் பிடிபடல, நீங்க பாருங்க" என்று கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போய் அவரவர் முன்னறையில் விளக்கடியில் உட்கார்ந்து படிப்பார்கள். மழை வந்தால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.