சிஸ்டம் விட்டுட்டு

துறைமுகத்துக்கு வெளியே, லாரிகளுக்கு லோடு ஒதுக்கும் கண்ணாடிக் கூண்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சண்முகப்ரியா கற்றுக்கொண்ட ஒரே சாமர்த்தியம், 'நான்' என்ற வார்த்தையை மென்று விழுங்கிவிடுவது. லோடு இல்லையா? சிஸ்டம் தரலை. டிரைவர் பேரை நிறுத்தியாச்சா? சிஸ்டம் நிறுத்திட்டு. அப்பாடா, எவ்வளவு வசதி! யாரும் அவளைத் திட்ட முடியாது.

திட்டவில்லைதான், பேசவும் மறந்துபோனார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எம்மா, ஓட்டப்பிடாரமா நீ? நம்ம பக்கந்தான்" என்று ஜன்னல் வழியே பனங்கிழங்கு நீட்டிய அதே டிரைவர்கள், இப்போது அவள் தலையைக் கண்டால் "ஏலே, சிஸ்டம் வந்துட்டு" என்கிறார்கள். வந்துட்டா இல்லை, வந்துட்டு. பஸ் வந்துட்டு, மாடு வந்துட்டு என்பதுபோல. மத்தியானம் தனியாக டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த 'வந்துட்டு' அவள் காதில் கேட்கும்.

அன்று டிரைவர் அய்யாக்குட்டி ஜன்னலுக்கு வந்தார். சட்டையெல்லாம் ரத்தக்கறை.

"எம்மா, தருவைகுளத்துக்கிட்ட மீன்காரம்மா ஒருத்தி அடிபட்டு ரோட்டுல கெடந்தா. ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்தேன், லேட்டாயிட்டு. அதுக்கு ஒரு வாரம் லோடு கெடையாதுன்னு போன்ல வந்திருக்கு. ஒரு வாரம் வண்டி நின்னா ஓனரு வேற ஆள ஏத்திருவாரு."

"சிஸ்டம் நிறுத்திட்டு அண்ணாச்சி." வாய் தானாகச் சொன்னது.

"அவள அப்படியே போட்டுட்டு வந்திருந்தா?"

"லோடு கெடைச்சிருக்கும்."

"அப்ப ஒங்க சிஸ்டம் நல்லதா, கெட்டதா?"

மேனேஜர் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. "அதுக்கு நல்லது கெட்டதெல்லாம் கெடையாது அண்ணாச்சி. மழை மாதிரி அது."

"மழைக்குப் பொறத்தால யாரும் ஏசி போட்டு உக்காந்திருக்கலையே தாயி."

சொல்லிவிட்டு அவர் லாரி நிழலுக்குப் போய்விட்டார். இவளுக்குச் சுருக்கென்றது. திரையின் மூலையில் 'அனுமதி' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் தடை நீங்கும். அழுத்தியவர் பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். இதே நாற்காலியில் முன்பு இருந்த பெனிஷா, பாவம் பார்த்துப் பார்த்து அழுத்தித்தான் வேலையிழந்து வீட்டுக்குப் போனாள். அதனால் இவள் அந்த மூலையைப் பார்ப்பதே இல்லை. சிஸ்டம் நல்லதோ கெட்டதோ, யார் கண்டது? பட்டன் தன் விரலுக்குக் கீழே இருப்பது மட்டும் இன்றைக்கு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அழுத்தினாள்.

அய்யாக்குட்டியின் போன் கூவியது. "ஏலே முப்பிடாதி! சிஸ்டம் விட்டுட்டுல!" என்று டீக்கடையில் நின்ற இன்னொரு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

சண்முகப்ரியா கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு ஓடினாள். 'நான்தான் அண்ணாச்சி, நான்தான் விட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நேற்றுவரை நிறுத்தியதெல்லாம் சிஸ்டம் என்றால், இன்று விட்டது மட்டும் எப்படி அவளாகும்?

"பரவால்லம்மா, ஒன் சிஸ்டத்துக்கும் கொஞ்சம் மனசு இருக்கத்தான் செய்யுது" என்று சிரித்தபடி அவர் வண்டியைக் கிளப்பினார். நிலக்கரித் தூசி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போன் அடித்தது. போய் எடுத்தாள். தலைமை அலுவலகம்.

"யார் ரிலீஸ் பண்ணினது?"

அவள் திரையின் மூலையைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."