உள்ளே விட்ட துணி

1.
முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒட்டுக்கேட்டது. ஓவியக் கூடத்தில், பாலே நடனப் பெண்களின் படத்துக்கு முன்னால் ஒரு தையற்காரியும் அவள் மகளும் நின்றார்கள். பின்னால் நான், படத்தை ரசிப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

2.
'வெண்ணிறப் பாவாடைகளின் மேல் விழுந்த ஒளி, ஒரு...'

(ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். அகப்படவில்லை. ஒளி அங்கேயே கிடக்கட்டும்.)

3.
படத்தின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் ஆடவில்லை. கையை முதுகுக்குக் கொண்டுபோய் நிற்கிறாள். 'தோற்றவளின் சோகம்' என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது தையற்காரி சொன்னாள்:

"பாவம், தையல் குத்துது. உள்ள லைனிங் குடுக்கல பாரு."

சோகத்தை அடித்துவிட்டேன்.

லைனிங்கைத் தேடி அவள் படத்தை நெருங்க, காவலர், "தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.

"கிட்டப் போனா பொண்ணையே காணோம், வெறும் பெயின்ட்டு" என்று திரும்பி வந்தாள்.

(இதில் ஒரு தத்துவம் இருக்கிறது. தெரிந்தேதான் தொடாமல் போகிறேன்.)

4.
மகளுக்கு அடுத்த வாரம் இதே நடனத்தில் மேடையேற்றம். அம்மா தைத்த ஏழு அடுக்குப் பாவாடை வீட்டில் தயார்.

"அம்மா, அவளுக்குத் தையல் குத்தல. ஆடப் பிடிக்கல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் பிடிக்கல. அஞ்சு மாசமா."

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறம் எதுக்குடி இடுப்பளவு எடுக்க வந்து நின்ன?"

"டேப்பப் பிடிச்சுக்கிட்டு நீ பாட்டு முணுமுணுத்தியே. அப்ப எப்படிச் சொல்றது?"

5.
என்னிடம் இருந்த முடிவுகள்:

அம்மா அழுகிறாள். (இல்லை. மூக்கை உறிஞ்சியது நான். காவலர் என்னை முறைத்தார்.)

மகள் மனம் மாறி ஆடுகிறாள், அரங்கமே எழுந்து நின்று... (வெட்கமாக இருக்கிறது, விடுங்கள்.)

நடந்தது இவ்வளவுதான்:

"சரி, ஆட வேணாம். அந்தப் பாவாடைய என்னடி பண்றது?"

"நீயே போட்டுக்கோ. ஆசை உனக்குத்தானே."

அம்மா தன் இடுப்பைச் சாண் போட்டுப் பார்த்தாள்.

"நீ வளருவேன்னு உள்ள துணி விட்டிருக்கேன். பிரிச்சா ரெண்டு இன்ச்சு வரும்."

விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே கணக்குப் போட்டாளா? எனக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும். படம் மாட்டியிருக்கும் பக்கம், அவள் முகத்தைப் பார்க்கிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.