தடத்தை விடாத எல்க்

2006ஆம் ஆண்டு பங்குனி மாதம். அந்தக் குளிர்காலம் ஒஸ்லோவில் பனி கொட்டித் தீர்த்திருந்தது. பகல் வெயிலில் பனியின் மேல்தட்டு இளகுவதும் இரவில் அது திரும்பவும் இறுகிக் கண்ணாடித் தகடுபோல ஆவதுமாக நாட்கள் போயின. அப்படி இறுகிக் கிடந்த ஒரு ஞாயிறு காலையில் பூமணியும் அவள் கணவர் பரமநாதனும் நகரின் ஓரத்திலுள்ள குரோருட்டுக்கு மேலேயுள்ள காட்டுக்குள், பனியில் சறுக்கிப்போகும் ஸ்கீப் பலகைகளில் புறப்பட்டார்கள். காட்டின் நடுவிலுள்ள விடுதிவரை போய்வருவது எண்ணம். முன்பு இரண்டு தடவை பாதிவழியில் திரும்பியிருந்தார்கள்.

பூமணி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவள். நொர்வேக்கு வந்து பதினெட்டு வருடமாகியும், தெரியாத வெள்ளைக்காரரிடம் தானாக வாய் திறந்ததில்லை. பேருந்தில் தரிப்பிடம் தவறினால் அடுத்ததில் இறங்கி நடந்து வருவாளே தவிர, சாரதியிடம் கேட்கமாட்டாள். மொழி தெரியாமல் இல்லை. பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்.

ஒரு வளைவைத் தாண்டியதும் முன்னால் போன பரமநாதன் சட்டென்று நின்றார். அறுபது எழுபது அடி தள்ளி, வண்டியால் அழுத்தி இறுக்கிய ஸ்கீத் தடத்தின் நடுவில் ஒரு எல்க் மான் நின்றது. குதிரையை விட உயரம். அதன் பின்னால் போன வருடத்துக் கன்று, விலா எலும்பு தெரிய நின்றது.

"மெல்லமாப் பக்கத்தாலை சுத்திப் போவம்" என்று பரமநாதன் தடத்தை விட்டு விலகினார். மேல்தட்டு உடைந்து இடுப்புவரை புதைந்துபோனார். சத்தம் கேட்டுத் தாய் காதுகளைப் பின்னால் மடித்தது. கழுத்து மயிர் நிமிர்ந்தது.

"அசையாதேங்கோ" என்றாள் பூமணி. "அது பாயப் போகுது. காட்டு வாசல் அறிவிப்புப் பலகையிலை எழுதியிருந்ததெல்லே, காது மடிஞ்சால் கிட்டப் போகவேண்டாமெண்டு."

"அது ஏன் காட்டுக்குள்ளை போகாமல் நிக்குது?"

"நீங்களே தாண்டுபோய் நிக்கிறியள். அதுக்கு எவ்வளவு பாரம், தடத்தை விட்டால் அதுவும் தாண்டுபோகும்."

அவர் மெதுவாகத் தவழ்ந்து வெளியே வந்தார். இருவரும் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நகர்ந்து வளைவுக்கு இப்பால் வந்துவிட்டார்கள். அப்போதுதான் கீழேயிருந்து ஸ்கீ உரசும் சத்தம் வேகமாக நெருங்கியது. போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் போல மூன்று பேர், குனிந்த தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தார்கள்.

பூமணி பரமநாதனைப் பார்த்தாள். அவர் ஸ்கீயில் அப்பியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் தடத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு தடிகளையும் குறுக்கே நீட்டினாள்.

"நில்லுங்கள்" என்று நொர்வே மொழியில் சத்தமாகச் சொன்னாள். "எல்க். கன்றும் இருக்கு."

மூவரும் மூச்சு வாங்க நின்றார்கள். முன்னால் வந்தவனுக்கு முகம் சுருங்கியது. "எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்?" என்று கேட்டான்.

"தெரியாது. அதுவாகப் போகவேண்டும்."

"சத்தம் போட்டால் போய்விடும்."

"இல்லை. அதுக்குப் போக இடமில்லை" என்றாள்.

அவன் வளைவுவரை சென்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தடிகளைப் பனியில் ஊன்றினான். கூட வந்த பெண் ஸ்கீயைக் கழற்றி வைத்து அதன்மேல் உட்கார்ந்து, தோடம்பழம் ஒன்றை உரிக்கத் தொடங்கினாள். ஒரு சுளையைப் பூமணியிடம் நீட்டினாள். பல் கூசுகிற குளிர் அதில்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது தாயும் கன்றும் தடத்தோடேயே மேலே நடந்து, மரங்களுக்குள் பனிவண்டி போட்டிருந்த பாதையில் திரும்பி மறைந்தன. மூவரும் கையசைத்துவிட்டுத் தடத்தில் நேரே மெதுவாகப் போனார்கள்.

எல்க் நின்ற இடத்தில் ஒரு மரத்தின் பட்டை வெள்ளையாக உரிந்திருந்தது. தடத்தின் ஓரத்தில், உடைந்த பனித்தட்டின் விளிம்பில் சிவப்புப் பொட்டுகள்.

"கன்றின்ரை காலைப் பனித்தட்டு அறுத்திருக்கு" என்றார் பரமநாதன்.

"விடுதிக்குப் போற வழியும் அந்தப் பக்கம்தானே" என்றாள் பூமணி. "பின்னாலை போய் அதுகளைக் கலைக்க வேண்டாம்."

"ஓம், திரும்புவம்."

வெயில் ஏறிப் பனி இளகிவிட்டிருந்தது. ஸ்கீயின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டி, சறுக்கவும் விடாமல் நடக்கவும் விடாமல் செய்தது. பரமநாதன் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் தடவை எழும்பாமல், மல்லாந்து கிடந்தபடியே வானத்தைப் பார்த்துச் சிரித்தார். பூமணி பக்கத்தில் தடிகளை ஊன்றி, அவர் எழும்பும்வரை நின்றாள்.