ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சிவப்புத் துணி

எங்கள் கன்னியம்மன் நகர் மூன்றாவது தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு, சங்கத்துக்கு ஒரு மைக் செட் உண்டு, அந்த மைக் எப்போதும் என் கையில் இருக்கும். செயலாளர் சந்திரகலா நான்தான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. முதல் கூட்டத்துக்கு வந்ததே ஏழு பேர், அதில் வாய் இருந்தது எனக்கு மட்டும். "மைக்க கையில குட்த்தா இவ எறங்க மாட்டா" என்று என் வீட்டுக்காரர் தேசப்பன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய்யில்லை. கோலப்போட்டி முடிவைச் சொல்லும்போது தெருவே என் வாயைப் பார்க்குமே, அந்தச் சுகம் எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் பொங்கலன்று காலை பத்து மணிக்கு உறியடிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து அந்தோணி அண்ணன் லுங்கியும் பனியனுமாக வந்து நின்றார். ஐம்பத்திரண்டு வயது. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. அங்கே பொங்கலுக்கும் உலை அணையாது. மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரே மகள் சோனியா ஓசூரில் செல்போன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் அவர் தனி ஆள். கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"யம்மா, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தேன். சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணும்மா."

"வருசத்துக்கு ஒரு நாள்ணா. இதுகூடப் பொறுத்துக்க மாட்டீங்களா?"

மைக்கை அணைக்காமலே கேட்டுவிட்டேன். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு நாளா? பொங்கலு, மாதா கோயில் தேரு, ஆடிக் கூழு, புள்ளையாரு, ஊட்டுக்கு ஊடு காது குத்து. போன மாசம் மிஷினாண்ட நின்னுகினே தூங்கிட்டேன். பக்கத்துல இருந்தவன் புடிச்சி இழுத்தான். மெமோ குட்த்துட்டாங்க, அது கெடக்குது. இன்னொரு தபா தூங்கினா கை இருக்காதும்மா. வேலையும் இருக்காது."

முழங்கைக்குக் கீழே இருந்த தீக்காயத்தைக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மைக்கை அணைத்தேன். அன்று உறியடி சத்தமில்லாமல் நடந்தது.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் சட்டம் போட்டோம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் கேட்டில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி தொங்கும் வீட்டை யாரும் தட்டக் கூடாது, அந்தப் பக்கம் கத்தக் கூடாது. நானே என் பழைய புடவை ஒன்றைக் கிழித்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று என் வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்தேன்.

இந்தத் தெருவாவது வாயை மூடுவதாவது என்றுதான் நானே நினைத்தேன். ஆனால் மூடியது. கீரைக்காரர் துணியைக் கண்டால் கூவலை நிறுத்தி வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் லாரி ஹாரன் அடிக்காமல் நின்றது. ஆடியில் கூழ் ஊற்றும்போது பம்பைக்காரர்களை மாலை நாலு மணிக்குமேல் வரச் சொன்னேன். "ஆத்தா கோச்சிக்கினா இன்னா பண்ணுவ?" என்றார் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள். "ஆத்தா நம்ம தெரு ஆளும்மா, அதுக்கும் ஷிப்ட்டு தெரியும்" என்றேன். சுதந்திர தினத்தில் மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் கைதட்டாமல் கையை ஆட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

அக்டோபரில் ஒருநாள் அந்தோணி அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். "ஒம்போது மாசமா ஒரு மெமோ இல்லம்மா. உன் துணிதான் காப்பாத்திகினு இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நவம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர், வீடெல்லாம் கொசு. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதாம் நம்பர் கேட்டில் துணி தொங்கியது. ஞாயிறும் தொங்கியது. அன்று மாலை சோனியா எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, நேத்துலருந்து அப்பா போனே எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாக்கறீங்களா?"

"துணி தொங்குது கண்ணு. ஓ.டி. பாத்துட்டு வந்து தூங்கறாரு. பாவம், எழுப்ப வேணாம்."

இப்படிச் சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை காலை, கிறிஸ்துமஸ் விழாவுக்கு நாள் குறிக்கலாம் என்று காலண்டரை எடுத்தேன். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஆறு மணிக்கே மில்லில் இருக்க வேண்டிய ஆள். எட்டிப் பார்த்தேன். மணி பத்து. துணி மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். கேட் உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. சுற்றிலும் நாலு வீட்டில் சிவப்புத் துணி. பத்து மாதம் பழகிய பழக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்து "உஷ்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி ஓடி மைக் செட்டைத் தூக்கி வாசலில் வைத்தேன். சத்தத்தை முழுசாகத் திருப்பினேன்.

"அந்தோணிண்ணா! எந்திரிங்கண்ணா! தூங்கறவங்க எல்லாரும் எந்திரிங்க! ஒம்போதாம் நம்பருக்கு ஓடி வாங்க!"

தெரு மொத்தமும் வந்தது. இரவு வேலை முடித்துப் படுத்த ஆண்கள் லுங்கியோடு வந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெகன் கேட்டை ஏறிக் குதித்துக் கதவுத் தாழ்ப்பாளை உடைத்தான். அந்தோணி அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மூச்சு இருந்தது.

டெங்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்னொரு ராத்திரி விட்டிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள். சோனியா அன்று மாலையே வந்து சேர்ந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் சுட்டது. ஆறு நாள் தெருக்காரர்கள் முறைபோட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கு எப்போது ஓய்வு என்று பார்க்க அதே காலண்டர் உதவியது.

நாலாம் நாள் அவர் வாய் திறந்து பேசினார். தப்பு என்னுடையது என்று நான் ஆரம்பித்ததும் கையசைத்து நிறுத்தினார்.

"துணிய அவுக்காமயே காய்ச்சல்ல உழுந்துட்டேன்மா. காதுல எல்லாம் கேட்டுச்சி. கீரக்காரு மெதுவா போறாரு, பசங்க உஷ்ஷுன்றாங்க. கூப்புட எனக்குக் குரல் வரல. அல்லாரும் எனக்கோசரம்தான் சத்தம் போடாம போறாங்கன்னு தெரியும். அதான் ரொம்பப் பேஜாரா இருந்துச்சி." பிறகு, "அப்பால உன் மைக்கு கேட்டுச்சி. அப்பாடான்னு இருந்துச்சி" என்றார்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் துணியே வேண்டாம், எடுத்துவிடலாம் என்றேன். அந்தோணி அண்ணன்தான் விடவில்லை. "துணி இருக்கட்டும். தூக்கம் வோணும். ஆனா நாலு மணிக்கு ஒரு ஆளு வந்து தட்டட்டும். உள்ள இருக்கறவன் குரல் குடுக்கட்டும்" என்றார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். மில்லிலும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு மெமோ இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கு அவருக்கு மறுபடியும் இரவு ஷிப்ட். உறியடியை மாலை நாலு மணிக்கு மாற்றினோம். கயிற்றில் பானை தொங்கியது, தெரு காத்துக்கொண்டிருந்தது. அணைத்த மைக்கோடு ஒன்பதாம் நம்பர் கதவுக்குப் போய்த் தட்டினேன். சத்தம் இல்லை. இன்னொரு முறை தட்டினேன். எனக்குப் பின்னால் தெருவில் ஒருவரும் பேசவில்லை.

"இருக்கேம்மா!" என்றார் உள்ளேயிருந்து, தூக்கக் குரலில். "கதவ ஒடச்சிடாத. போன தபா ஒடச்சதுக்கே இப்பதான் தாப்பா போட்டேன்."

தெருவே கைதட்டியது. கேட்டிலிருந்த துணியை நானே அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்புறம் மைக்கை ஆன் செய்தேன்.